பாத்தியம் விடுவதற்கு முன்

சின்னசேலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதிக்கொள்வது. உன் அப்பாவின் கருமாதி முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் உன் அண்ணன் பத்திர எழுத்தரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். தை மாதம் உன் கல்யாணத்துக்கு முன்னால் நீயும் அம்மாவும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்கிறான். "போட்டுடட்டுமா பெரியம்மா?" என்று போனில் கேட்டாய். போடு, போடாதே என்று ஒரு சொல்லில் முடிகிற காரியமாக எனக்குத் தெரியவில்லை. கல்யாண வேலைக்கு நடுவே ஒரு ராத்திரியை ஒதுக்கி இதை நிதானமாகப் படி.

அவன் நீட்டப்போகிற தாளுக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். ஆபீசில் ரிலீஸ் என்பார்கள். நம் தெருப் பெண்கள் "பாத்தியம் விட்டுக் குடுக்கறது" என்பார்கள். மூன்றில் அதுதான் நேரான பேச்சு. தமிழ் டீச்சர் என்பதால் பத்திரத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருவார்கள். அதன் வாசகம் எனக்குப் பாடமாகிவிட்டது. மனப்பூர்வமாகச் சம்மதித்து, பிறர் தூண்டுதல் இல்லாமல், எனக்குள்ள பாத்தியத்தை இன்றைய தேதியில் விடுதலை செய்துவிட்டேன், இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு உரிமையும் பின்தொடர்ச்சியும் கிடையாது என்று போகும்.

விடுதலை என்று கேட்டதும் நமக்கு ஆகஸ்ட் 15 நினைவுக்கு வருகிறது, சிறைக்கதவு திறப்பது நினைவுக்கு வருகிறது, பெரியாரின் நாளேடு நினைவுக்கு வருகிறது. அத்தனை நல்ல சொல். அது இந்தத் தாளின் தலைப்பில் இருக்கும்போது யாருக்கு விடுதலை, எதிலிருந்து விடுதலை என்று கேட்டுக்கொண்டுதான் படிக்க வேண்டும். இங்கே விடுதலை ஆவது நிலம். யாரிடமிருந்து என்றால், உன்னிடமிருந்து. கோபத்தில் சொல்லவில்லை, பத்திரத்தின் வேலையே அதுதான். கூட்டாக இருக்கும் சொத்தில் ஒரு பங்காளி தன் பிடியை விட்டால், விட்ட பங்கு மற்ற பங்காளியோடு போய்ச் சேர்ந்துவிடும். 100 ரூபாயோ அதற்கு மேலோ பெறுமானமுள்ள அசையாச் சொத்தில் உரிமையை ஒழிக்கிற எந்தப் பத்திரமும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் வீட்டில் வாயால் சொன்னால் போதாது, ஆபீசுக்கு வா என்கிறான்.

உரிமை என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. பழைய தமிழில் அது பெண்களையே குறித்தது. அரசனின் அந்தப்புரத்தில் இருந்தவர்களை உரிமை மகளிர் என்றார்கள். உரிமைக்கு மனைவி என்று இன்றும் அகராதியில் பொருள் கிடைக்கும். சோழர் கல்வெட்டுகளில் பெண்கள் நிலம் விற்றிருக்கிறார்கள், கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பல இடங்களில் அவளுக்கு 'முதுகண்' என்று ஓர் ஆணின் பெயரும் கூடவே நிற்கும். அவள் சார்பில் நின்று காரியத்தை நடத்திக் கொடுக்கிறவன். பெண்ணே ஒருவனுடைய உரிமையாக இருந்த நிலையிலிருந்து, பெண்ணுக்கு உரிமை என்று சட்டத்தில் எழுதுகிற இடத்துக்கு வர எத்தனை காலம் ஆயிற்று என்பதை நீ தெரிந்துகொண்டுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில், பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். 1956-இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அப்பா தானே சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகனுக்குச் சமமாக மகளுக்கும் கிடைத்தது. பூர்வீகச் சொத்தில் மட்டும் பிறப்பால் வரும் பங்கு மகன்களோடு நின்றுவிட்டது. அதைத் தமிழ்நாட்டில் உடைத்தது கலைஞர் ஆட்சியில் வந்த திருத்தம். 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. செங்கல்பட்டிலிருந்து எண்ணினால் 60 வருஷம்.

அந்தத் திருத்தத்தில் ஒரு கோடு இருந்தது. அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்குப் பங்கு இல்லை. எனக்குக் கல்யாணம் 1986-இல், உன் அம்மாவுக்கு 1992-இல். ஒரே அப்பனுக்குப் பிறந்த எங்கள் இருவரில் அவள் கோட்டுக்கு உள்ளே, நான் வெளியே. தாத்தா தன் காலத்திலேயே நிலத்தைக் கிரயம் கொடுத்துவிட்டதால் எங்களுக்குள் அது பேச்சாக வரவில்லை. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் நான் அந்தத் தேதியை நினைத்திருக்கிறேன். 2005 செப்டம்பர் 9-இல் மத்தியச் சட்டத்தின் திருத்தமே நடைமுறைக்கு வந்தபோது அந்தக் கோடு அழிந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று நீதிமன்றங்கள் 15 வருஷம் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தன. 2020 ஆகஸ்ட் 11-இல் வினீதா சர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் தேவையில்லை என்று முடித்தது. மகளின் பங்கு பிறப்பால் வருவது, அப்பா இருந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தது அல்ல என்றது. நீ ஒரு மாலையில் விடப்போவது இத்தனை பேர் இத்தனை காலம் இழுத்துக்கொண்டு வந்த ஒன்று.

இனி நம் வீட்டுக் கணக்கு. பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு விழுந்த கிணற்றுக்காடு பூர்வீகம். அதில் அப்பா, அண்ணன், நீ மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒன்று. அப்பாவின் பங்கு அவருக்குப் பின் அம்மா, அண்ணன், நீ என்று மறுபடி மூன்றாகும். காட்டை ஒன்பது கூறாகப் போட்டால் உனக்கு 4, அண்ணனுக்கு 4, அம்மாவுக்கு 1. அப்பா சம்பளத்தில் வாங்கிய சாலையோர மனை அவருடைய சுயார்ஜிதம். அது மூன்று பேருக்கும் சமம். அண்ணன் தயார் செய்கிற பத்திரத்தில் இரண்டையும் ஒரே தபசிலில், அதாவது ஒரே சொத்து விவரப் பட்டியலில், சேர்த்திருந்தால் பிரித்துக் கேள். மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிற காடு வேறு, சேலம் – உளுந்தூர்பேட்டை நாற்கரச் சாலைக்குப் பக்கத்து மனை வேறு. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு இந்தப் பக்கம் மனை கேட்டு வருகிறவர்கள் எத்தனை பேர் என்று நான் தினமும் பார்க்கிறேன்.

அண்ணன் கெட்டவன் இல்லை. நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவன் சொல்லும் காரணங்களை அற்பமாக நினைக்காதே, ஒவ்வொன்றுக்கும் பதில் தேடு.

நகை போட்டாச்சு, கல்யாணச் செலவு இருக்கு என்கிறான். உனக்கு ஆசையாகப் போடும் நகை உன் சொத்து. மாப்பிள்ளை வீடு கேட்டு வாங்கினால் அது வரதட்சணை, 1961-லிருந்து குற்றம். இரண்டில் எதையும் நிலத்தின் பங்குக்கு ஈடாகச் சட்டம் வைக்கவில்லை. அவன் கல்யாணத்துக்கும் அப்பா கடன் வாங்கித்தான் செலவு செய்தார். அதை அவன் பங்கில் யாரும் கழிக்கவில்லை.

உழுகிறவன் நான், துண்டு துண்டாகப் போனால் வெள்ளாமை எப்படி என்கிறான். இது நியாயமான கவலை. கிணறு ஒன்று, வரப்பு ஒன்று, பம்புசெட்டு ஒன்று. ஆனால் இதற்கு மருந்து கூட்டுப்பட்டா. மூன்று பேர் பெயரும் இருக்கட்டும், அவனே உழட்டும், குத்தகையாக ஒரு தொகையை அம்மாவுக்குக் கொடுக்கட்டும். நிலம் துண்டாகாமல் இருக்க உன் பெயர் அழிய வேண்டியதில்லை.

மூன்றாவதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. உனக்குள் இருக்கும் பயம் அது. பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயம். தலைப்பொங்கலுக்கும் வளைகாப்புக்கும் சீர் வர வேண்டும். நாளைக்கு உன் பிள்ளைக்குக் காது குத்தும்போது மாமன் மடி வேண்டும். இதைப் பிற்போக்கு என்று ஒதுக்க என்னால் முடியாது. புகுந்த வீட்டில் ஒரு வார்த்தை தடித்தால் பெட்டியோடு வந்து நிற்க ஓர் இடம் வேண்டும் என்று எத்தனையோ பெண்கள் பங்கை விட்டிருக்கிறார்கள். ராஜஸ்தானில் இதற்கு 'ஹக் தியாக்' என்றே பெயர், உரிமைத் தியாகம். அங்கேயும் தங்கைகளும் அக்காக்களும் அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அங்கேயும் அதற்குப் பின்னால் இருப்பது இதே பயம்.

தியாகம் என்றால் நம் மரபில் இளங்கோவைச் சொல்வோம். அண்ணனுக்காக அரசைத் துறந்தார் என்ற கதை. அதில் நான் கவனிப்பது ஒன்று. அரசு என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். அது தனக்கு வரக்கூடும் என்று சொல்லக் கேட்ட பிறகு, தெரிந்தே விட்டார். அளவு தெரியாமல், விலை தெரியாமல், வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் விடுவதைத் தியாகம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமையைக் கிழமைப் பொருள் என்று படித்திருப்பாய். கிழமை என்றால் உரிமை. அதைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டாகப் பிரித்தார்கள். என் கை என்பது தற்கிழமை, என்னை விட்டுப் பிரியாது. என் நிலம் என்பது பிறிதின்கிழமை, பிரியக்கூடியது. சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், அந்த மக்கள் குடிசைகளை இடிப்பதைத் தடுக்க மாட்டோம் என்று முன்னே உயர்நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். 1985-இல் உச்சநீதிமன்றம், அடிப்படை உரிமையை யாரும் எழுதிக் கொடுத்துவிட முடியாது, அந்த ஒப்புதல் அவர்களைக் கட்டாது என்றது. உன் பங்கு அந்த வகை அல்ல. அது பிரியும். போட்டால் போனதுதான்.

எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு வழக்கு சொல்கிறேன், தமிழ்நாட்டுக் குடும்பம்தான். 1975-இல், அப்பா உயிரோடு இருக்கும்போதே, ஒரு மகன் பணம் வாங்கிக்கொண்டு அப்பாவின் சுயார்ஜிதச் சொத்தில் விடுதலை எழுதிக் கொடுத்தான். அப்பா இருக்கும்போது மகனுக்கு அதில் இருப்பது வெறும் எதிர்பார்ப்பு. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டப்படி எதிர்பார்ப்பைக் கைமாற்ற முடியாது. பிறகு அவன் இறந்தான், அப்பாவும் இறந்தார். அவனுடைய பிள்ளைகள் பங்கு கேட்டு வந்தார்கள். 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம், உங்கள் அப்பா பணம் பெற்றுக்கொண்டு எழுதியது உங்களையும் கட்டும் என்று அனுப்பிவிட்டது. 48 வருஷத்துக்கு முந்தைய கையெழுத்து.

ஆகவே பத்திரத்தில் 'பிரதிபலன்' என்று வரும் வரியை இரண்டு தடவை படி. கையில் காசே வராமல், இவ்வளவு ரூபாய் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கும். ஃபார்மாலிட்டிதான் பாப்பா என்பார்கள். வாங்காததை வாங்கியதாக எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதே. அன்பினால் கொடுக்கிறாய் என்றால் அன்பினால் என்றே எழுதட்டும். பதிவின்போது அதிகாரி இது உன் கையெழுத்தா, நீ எழுதிக் கொடுத்ததா என்றுதான் கேட்பார். நீ எதை விடுகிறாய் என்று விளக்குவது அவர் வேலை இல்லை. போட்டோ எடுத்து, விரல் ரேகை வாங்கிவிட்டால் நீயாகப் போய் ரத்து செய்யவும் முடியாது. வற்புறுத்தினார்கள், ஏமாற்றினார்கள் என்றால் உரிமையியல் நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷம் கெடு.

அவசரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஜோர்டான் நாட்டில் வாரிசுப் பங்கை விட்டுக் கொடுக்கும் வழக்கத்துக்குத் தகாருஜ் என்று பெயர். துக்க வீட்டிலேயே பெண்களிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள் என்று பார்த்து, இறப்புக்குப் பின் மூன்று மாதம் கழியாமல் அப்படி எழுதிக் கொடுக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு விதி இல்லை. அதை நீயே உனக்கு வைத்துக்கொள். கல்யாணத்துக்கு முன் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து இல்லை, சித்திரையில் பேசலாம் என்று அண்ணனிடம் சொல். மாப்பிள்ளை வீட்டார் உள்ளே புகுந்துவிடுவார்கள் என்று அவன் பயந்தால், பங்கு உன் பெயரில்தான் இருக்கும், கணவனுக்கு அதில் கையெழுத்துக்கூடக் கிடையாது என்பதை அவனுக்குப் பொறுமையாகச் சொல்.

விடவே முடியாத நில உரிமையும் உண்டு. அதற்கு வடக்கே தெரிகிற கல்வராயன்மலையைப் பார். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை அது. அங்கே உழுத மலையாளிப் பழங்குடி மக்களுக்கு நிலத்தின்மேல் சொல்ல ஒரு தாள் இல்லை. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அவர்களுக்குக் கொடுக்கும் பட்டா பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்கவோ வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கவோ முடியாது. கல்யாணமானவர்களுக்குக் கணவன், மனைவி இருவர் பெயரிலும்தான் பதிய வேண்டும். விடவே முடியாத உரிமையாக அதை அமைத்தவர்கள், ஏழையின் கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது என்று தெரிந்தவர்கள். அதே மலையில் இன்னொரு பக்கமும் உண்டு. 1956 வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவு பழங்குடியினரை வெளியே விட்டுவிட்டது. மத்திய அரசு அறிவிக்கை போட்டால்தான் அவர்களுக்குப் பொருந்தும். உன்னோடு கல்லூரியில் படித்த மலைப் பெண்ணுக்கு அப்பன் நிலத்தில் பங்கு கேட்க, உன்னிடம் இருக்கிற இந்தச் சட்டம் கையில் இல்லை.

இப்போது எனக்கு முக்கியமானதைச் சொல்கிறேன். உன்னைவிட உன் அம்மாவின் கையெழுத்துதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. உனக்கு வேலை இருக்கிறது, வயது இருக்கிறது. அவளுக்கு இருப்பது காட்டில் ஒன்பதில் ஒரு கூறும் மனையில் மூன்றில் ஒன்றும் மட்டும்தான். 1956 சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி அது அவளுடைய முழுச் சொத்து, ஆயுள்காலப் பாத்தியம் மட்டும் என்று யாரும் சுருக்க முடியாது. அதையும் எழுதி வாங்கிவிட்டால் அவள் பெயரில் ஒரு பிடி மண்கூட இருக்காது. வயதானவர் எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காத பிள்ளையிடமிருந்து திரும்பப் பெற 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உதவும். ஆனால் அது 60 வயது நிறைந்தவர்களுக்கு. அம்மாவுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்ததாகக் காட்ட வேண்டும் என்று 2022-இல் உச்சநீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. நிபந்தனை ஒரு வரிகூட இல்லாத விடுதலைப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போடக் கூடாது. அண்ணன் அவளைக் கவனிப்பான், எனக்குத் தெரியும். அவன் கவனிப்பது அவள் பெயரில் நிலம் இருக்கும்போதும் நடக்கட்டும்.

எல்லாம் தெரிந்த பிறகும் உன் பங்கைக் கொடுக்கத்தான் உனக்கு மனம் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன். கொடு. கிணற்றுக்காட்டை அண்ணனுக்கு விடலாம், மனையில் உன் பங்கை வைத்துக்கொள்ளலாம். அல்லது உன் பங்கை அம்மா பெயருக்கு விடலாம். அவளும் பங்காளிதான். சொந்தக் குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைக் கட்டணம் சந்தை மதிப்பில் 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. கிரயத்துக்குக் கட்டும் 7 சதவீதம் இல்லை. ஆகவே செலவைக் காட்டி இப்போதே, எல்லாம் ஒரே பத்திரத்தில் என்று யாரும் உன்னை நெருக்க வேண்டியதில்லை.

நீ அடுத்த மாதம் வரும்போது வரைவை அண்ணனிடம் கேட்டு வாங்கி வா. தர மறுத்தால் அதுவே உனக்கு ஒரு பதில். மூலப்பத்திரமும் பாகப்பத்திரமும் அம்மாவின் பெட்டியில் இருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும். இரண்டு சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று நான் எடுத்து வைக்கிறேன். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றுக்கு மனுப் போட்டாயிற்றா, அதில் உன் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று இந்த வாரமே கேள். இந்தக் கடிதத்தை அண்ணனிடமும் காட்டலாம், அவனுக்குத் தெரியாமல் நான் எதையும் எழுதவில்லை. அம்மாவுக்கு நீயே படித்துச் சொல், கண்ணாடி இல்லாமல் அவளால் படிக்க முடியாது.

அன்புடன்,
பெரியம்மா